புளியரை ஏற்றத்தில் இரண்டு கிளட்ச்

டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் பற்றி வீடியோ போடுகிறவர்கள் பெரும்பாலும் காலியான பைபாஸில் ஓட்டிக் காட்டுகிறார்கள். 100-ஐ எத்தனை நொடியில் தொட்டது, அழுத்தினதும் எப்படிச் சீறியது, இதுதான் பேச்சு. எனக்கு அது எதற்கு? வீடு செங்கோட்டையில், வேலை புனலூரில். வழியில் வண்டி 100-ஐத் தொடுகிற இடமே கிடையாது. பேர்தான் தேசிய நெடுஞ்சாலை 744. புளியரை தாண்டி அந்த எஸ் வளைவில் ஏற ஆரம்பித்தால், எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகிற டாரஸ் லாரிகளின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே கோட்டைவாசல் வரை ஊர வேண்டியதுதான். இந்தக் கியர்பாக்ஸின் உண்மையான குணம் அங்கேதான் தெரிகிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வண்டிகளில் கிளட்ச் பெடலைத்தான் எடுத்திருக்கிறார்கள், கிளட்சை எடுக்கவில்லை. அது உள்ளே இருக்கிறது என்ற நினைப்போடு ஓட்டுகிறவருக்கு இது அருமையான பெட்டி, நினைப்பில்லாதவருக்குச் செலவு.

சரி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். சாதாரண மேனுவல் வண்டியில் ஒரு கிளட்ச். அதை மிதித்தால் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுகிறது, அந்த இடைவெளியில் கியரை மாற்றுகிறோம், காலை எடுத்தால் மறுபடி தொடர்பு. ஏ.எம்.டி. வண்டியிலும் இதே ஒரு கிளட்ச்தான், மிதிக்கிற வேலையை மோட்டாரோ ஹைட்ராலிக்கோ செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால்தான் ஏ.எம்.டி.யில் ஒவ்வொரு கியர் மாறும்போதும் இழுவை ஒரு கணம் நின்று எல்லாரும் சேர்ந்து தலையாட்டுகிறோம். டூயல் கிளட்சில், பேரே சொல்கிற மாதிரி, இரண்டு கிளட்ச். ஒரு கிளட்ச் 1, 3, 5, 7 கியர்களுக்கு, இன்னொன்று 2, 4, 6-க்கு. இரண்டுக்கும் தனித்தனி ஷாஃப்ட். குழாயாக இருக்கிற வெளி ஷாஃப்டுக்குள்ளே இன்னொரு ஷாஃப்ட் செருகினாற்போல ஓடுகிறது. 3-ஆம் கியரில் போய்க்கொண்டிருக்கும்போதே மறு ஷாஃப்டில் 4-ஆம் கியரைப் பல்லோடு பல் சேர்த்துத் தயாராக வைத்துவிடுகிறது. அந்தப் பக்கக் கிளட்ச் திறந்திருப்பதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. மாற்ற வேண்டிய நேரம் வந்ததும் ஒரு கிளட்ச் பிடியை விட விட, மற்றது பிடித்துக்கொள்கிறது. சக்கரத்துக்குப் போகிற இழுவை அறுவதே இல்லை, மீட்டரில் ஆர்.பி.எம். முள் இறங்குவதை வைத்துத்தான் கியர் மாறினதே தெரியும்.

கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளிக்காரர் உங்கள் இலையைத் தாண்டும்போதே ரசக்காரர் பின்னால் வந்து நிற்பாரே, அதேதான். நீங்கள் ரசத்துக்குத்தான் வருவீர்கள் என்று அவராகவே கணக்குப் போட்டிருக்கிறார், கணக்கு சரியாக இருந்தால் காத்திருக்கவே வேண்டாம். திடீரென்று நீங்கள் இன்னும் கொஞ்சம் கூட்டு வேண்டும் என்றால்தான் சிக்கல். கூட்டு வாளி கோடியில் இருக்கும், குரல் கொடுக்க வேண்டும், அவர் நடந்து வர வேண்டும், உங்கள் கை இலையிலேயே நிற்கும்.

இந்தப் பெட்டியின் வேகமும் தடுமாற்றமும் இரண்டுமே அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. கியர் மாறுவது மின்னல் வேகம் என்று விளம்பரத்தில் சொல்வது பொய்யில்லை, ஆனால் அடுத்து எந்தக் கியர் என்ற ஊகம் பலித்தால் மட்டும்தான் அந்த வேகம். தென்மலை தாண்டி ஒரு கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸுக்குப் பின்னால் 50 வேகத்தில் 5-ஆம் கியரில் லேசான காலோடு போகிறீர்கள் என்று வையுங்கள். லேசான கால் என்றால் பெட்டி என்ன நினைக்கும்? இவர் நிதானமாகப் போகிறார், அடுத்து 6 என்று நினைத்து அதைத் தயார் செய்து வைத்திருக்கும். எதிரே ரோடு காலி, முந்தலாம் என்று நீங்கள் ஆக்சிலேட்டரை அமுக்குகிறீர்கள். இப்போது தேவை 3. 3-உம் 5-உம் ஒரே ஷாஃப்டில் இருக்கின்றன, ஒரே கிளட்ச். நேராகத் தாவ வழியில்லை. மறு பக்கம் தயாராக நிற்கிற 6-ஐக் கழற்றி, 4-ஐச் சேர்த்து, அதில் ஒரு கணம் வண்டியைத் தாங்கிக்கொண்டு, இந்தப் பக்கம் 5-ஐக் கழற்றி 3-ஐப் போட்டு, அப்புறம்தான் இழுக்கும். ஓட்டுகிறவருக்கு இது ஒரு சுணக்கமாகத் தெரிகிறது. அந்தச் சுணக்கத்தில் ‘என்ன இது இழுக்கவே மாட்டேங்குது’ என்று இன்னும் ஆழமாக அமுக்குவோம், அதற்குள் கியர் விழுந்து வண்டி குதிரையாகப் பாயும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மா முருகா என்பார்.

இதற்கு வைத்தியம் எளிது. முந்தப்போகிறோம் என்பதை அதற்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஸ்டியரிங்குக்குப் பின்னால் கியர் மாற்றுகிற பேடில் (விரலால் இழுக்கிற சின்னத் தகடு) இருந்தால் இடது பக்கத்தை ஒரு தடவையோ இரண்டு தடவையோ இழுத்துக் கியரை இறக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். இல்லையா, லீவரை எஸ் என்ற ஸ்போர்ட் மோடுக்குத் தள்ளலாம். அதுவும் வேண்டாமென்றால் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முன்னதாகவே பாதி அமுக்கினாலும் அது புரிந்துகொள்ளும். காலை மாற்றி மாற்றி விட்டு விட்டு அமுக்குவதுதான் அதற்குப் பிடிக்காத காரியம். புனலூர் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ரோடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அங்கே கால் நிலையாக இல்லாவிட்டால் 4, 5, 4, 5 என்று பெட்டி அல்லாடுவதைப் பார்க்கலாம்.

இது ஒன்றும் புதுசான யோசனை இல்லை. அடோல்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சு என்ஜினியர் 1939-லேயே இதை வடிவமைத்திருக்கிறார், ஆனால் அது சந்தைக்கு வரவில்லை. இரண்டு கிளட்சையும் மில்லிநொடிக் கணக்கில் ஒத்துப்போக வைக்கிற கம்ப்யூட்டர் அந்தக் காலத்தில் ஏது? 1980-களில் போர்ஷே தன் 956, 962 பந்தயக் கார்களில் ஓட்டிப் பார்த்தது. கடைக்கு வந்த முதல் பெருவாரி கார் 2003-இல் ஃபோக்ஸ்வேகனின் கோல்ஃப் ஆர்32. நம் ஊரில் சின்னக் கார் வரை இறங்கினது 2013-இல் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. வந்தபோது. 2019-இல் ஹூண்டாய் வென்யூவும் கியா செல்டோஸும் வந்த பிறகு தென்காசி ரத வீதியில்கூடச் சாதாரணமாகக் கண்ணில் பட ஆரம்பித்தது.

இப்போது புளியரைக்கு வருவோம்.

கார் முதல் கியரில், ஆக்சிலேட்டரே தொடாமல், என்ஜின் ஐடிலிங்கில் ஓடினால் என்ன வேகம் போகும்? ஏறக்குறைய 6 கி.மீ. அதற்குக் கீழே போக வேண்டுமென்றால் கிளட்ச் முழுதாகப் பிடிக்க முடியாது, பிடித்தால் என்ஜின் திணறி ஆஃப் ஆகிவிடும். ஆகவே கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் ஓட வேண்டும். மேனுவலில் இதைத்தான் ‘ஹாஃப் கிளட்ச்’ என்கிறோம், டிரைவிங் ஸ்கூலில் அதற்குத் திட்டும் வாங்குகிறோம். டாரஸ் லாரி 3, 4 கி.மீ. வேகத்தில் ஊரும்போது அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நீங்களும் ஊர்ந்தால், ஏற்றம் முழுக்க உங்கள் வண்டி ஹாஃப் கிளட்சில்தான் ஓடுகிறது. கால் சும்மா இருப்பதால் உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

டார்க் கன்வெர்ட்டர் உள்ள பழைய மாதிரி ஆட்டோமேட்டிக்கில் இந்த வழுக்கலை எண்ணெய் வாங்கிக்கொள்கிறது. உரசுகிற தகடு அங்கே இல்லை என்பதால் அது இப்படி ஊர்வதை ரொம்ப நேரம் பொறுத்துக்கொள்ளும். டூயல் கிளட்சில் உரசுவது தகடு. பெரும்பாலான ஆட்கள் முதலில் டார்க் கன்வெர்ட்டரிலோ சி.வி.டி.யிலோ (கியர் படிகளே இல்லாத பெல்ட் ஆட்டோமேட்டிக்) பழகிவிட்டு அதே காலோடு இதற்கு வருகிறார்கள், வினை அங்கே ஆரம்பிக்கிறது.

எங்கள் மைனி அப்படித்தான். அவருடைய அப்பா வீட்டு வண்டி சி.வி.டி. ஒரு நாள் என் வண்டியைப் புளியரை ஏற்றத்தில் ஓட்டிக்கொண்டு வந்தார். லாரி நின்றது, நாங்களும் நின்றோம், ஆனால் மைனியின் கால் பிரேக்கில் இல்லை.

"பிரேக்கை விட்டா பின்னால போவுது தம்பி. லேசா ஆக்சிலேட்டர் குடுத்தா அப்படியே நிக்குது பாருங்க, நல்லாத்தானே இருக்கு?"

"வண்டிதான் நிக்குது மைனி, உள்ள கிளட்ச் நிக்கல. ஆட்டோ ஹோல்டைப் போட்டுட்டு காலை எடுங்க, பிரேக்கை அதுவே பிடிச்சுக்கும்."

ஏற்றத்தில் ஆக்சிலேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்துவதை விடக் கெட்ட காரியம் இந்தப் பெட்டிக்குக் கிடையாது. சக்கரம் சுற்றவில்லை, என்ஜின் சுற்றுகிறது, நடுவில் கிளட்ச் உரசிக்கொண்டிருக்கிறது. என்ஜின் அனுப்புகிற சக்தி ஒரு சொட்டுக்கூட வண்டியை நகர்த்தவில்லை, அத்தனையும் தகட்டில் சூடாகப் போகிறது. பிரேக்கை நன்றாக மிதித்து நின்றால் பெட்டி கிளட்சைத் திறந்துவிடும். பெரும்பாலான டிரை கிளட்ச் (எண்ணெயில் முங்காத, காற்றில் ஆறுகிற கிளட்ச்) பெட்டிகளில் கிளட்சின் இயல்பு நிலையே திறந்திருப்பதுதான், அழுத்திப் பிடித்தால்தான் சேரும். மேனுவலுக்கு நேர் எதிர். அதனால் சிக்னலில் டி-யில் (டிரைவ்) வைத்தபடி பிரேக்கில் நிற்பதால் கிளட்சுக்கு ஒன்றும் ஆகாது. ரெண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை நியூட்ரலுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது அவர்கள் கைக்கு ஒரு வேலை, பெட்டிக்கு அதனால் பெரிய லாபமில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் ஹில் ஹோல்டு இரண்டு நொடி அளவுக்கு வண்டியைப் பிடித்துக்கொள்ளும், அதற்குள் ஆக்சிலேட்டருக்குப் போய்விட வேண்டும். போகும்போது பயந்து பயந்து கொடுக்காமல் ஒரு தீர்மானத்தோடு கொடுத்தால் கிளட்ச் சீக்கிரம் முழுதாகப் பிடித்துவிடும். மெதுவாக எடுத்தால் வண்டிக்கு நல்லது என்று நாம் நினைப்பது இங்கே தலைகீழ்.

ஊர்கிற டிராஃபிக்குக்கு எங்கள் சித்தப்பா சொன்ன வழிதான் சரி. அவர் இதே ரோட்டில் தடி லாரி ஓட்டினவர், ஆட்டோமேட்டிக்கைக் கையால் தொட்டதில்லை. "முன்னாடி நிக்கிற லாரி டயரைப் பாக்காதலே, அதுக்கும் முன்ன போறதப் பாரு. இடம் விட்டு நில்லு. இடம் சேந்ததும் மொத்தமா ஏறு." லோடு வண்டிக் கிளட்சைக் காப்பாற்றச் சொன்ன புத்தி, அப்படியே இதற்கும் பொருந்துகிறது. இரண்டு மூன்று வண்டி நீளம் இடைவெளி சேரும்வரை நின்று, பிறகு கிளட்ச் முழுதாகப் பிடிக்கிற வேகத்துக்கு, அதாவது 10 கி.மீ.க்கு மேலே, ஒரே மூச்சில் போய் நிற்பது. என்ன, நீங்கள் விடுகிற இடத்தில் ஒரு பைக்கும் ஒரு ஆட்டோவும் புகுந்துவிடும், பின்னால் நிற்கிற பஸ் டிரைவர் சேட்டன் ஹார்னை எடுக்கவே மாட்டார். அடித்துக்கொண்டு போகட்டும், கிளட்ச் செட்டுக்குக் காசு கொடுக்கப்போவது அவரில்லை.

இவ்வளவு செய்தும் சூடாகிற நாள் உண்டு. கார்த்திகை பிறந்து சபரிமலை சீசன் தொடங்கிவிட்டால் அச்சன்கோவில், ஆரியங்காவு போகிற வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். அப்படி ஒரு சாயங்காலம் எஸ் வளைவில் ஒரு லாரி பழுதாகி நின்று, மொத்த ரோடும் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. மீட்டரில் டிரான்ஸ்மிஷன் சூட்டைக் காட்டுகிற கோடு ஒவ்வொரு கட்டமாக ஏறி, கடைசியில் எச்சரிக்கை வந்துவிட்டது. அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே வண்டி புறப்படும்போது உதற ஆரம்பித்திருந்தது. சில வண்டிகளில் இந்த உதறலை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள், ஓட்டுகிறவர் தானாக நிறுத்தட்டும் என்று. ஓரங்கட்டி, பி-யில் (பார்க்கிங்) போட்டு, என்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தால் கோடு இறங்கிவிடும். பயந்துபோய் என்ஜினை அணைக்க வேண்டியதில்லை. ஆனால் எச்சரிக்கை வந்த பிறகும் ‘கோட்டைவாசல் வந்தாச்சு, இன்னும் கொஞ்ச தூரம்தானே’ என்று போனால் வாசனை வரும். கருகின கிளட்ச் வாசனை ஒரு தடவை மூக்கில் ஏறினால் மறக்காது, பர்சுக்கும் மறக்காது.

கோட்டைவாசல் தாண்டினால் வேறு பாடம். (1956 நவம்பர் வரை செங்கோட்டையும் திருவாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது, அப்போது இங்கே எல்லையே இல்லை என்று பெரியவர்கள் இப்போதும் சொல்லிக்கொள்வார்கள்.) ஆரியங்காவு, கழுதுருட்டி, 13 கண் பாலம், தென்மலை என்று இறக்கம். டி-யில் விட்டால் பெட்டி மைலேஜ் பார்த்து மேல் கியருக்குப் போய்விடும், என்ஜின் பிரேக்கிங் கிடைக்காது, பிரேக்கே கதி என்று மிதித்துக்கொண்டு வர வேண்டும். சில வண்டிகள் சரிவை உணர்ந்து, நாம் பிரேக் தொட்டதும் ஒரு கியர் இறக்கித் தரும். சில வண்டிகள் ஈகோ மோடில் (எரிபொருளை மிச்சப்படுத்துகிற மோட்) கிளட்சையே திறந்து உருளவிட்டுவிடும், மலை இறக்கத்தில் ஈகோ வேண்டாம் என்பது அதனால்தான். மேனுவல் மோடில் 3-லோ 2-லோ பிடித்து வைத்துக்கொண்டால் வண்டி தானாகக் கட்டுக்குள் வரும். இங்கே கிளட்ச் முழுதாகப் பிடித்திருப்பதால் மேனுவல் வண்டியில் கிடைக்கிற அதே பிடி கிடைக்கிறது, உரசலும் சூடும் இல்லை, காலை முழுக்க எடுத்தால் பெட்ரோல்கூட என்ஜினுக்குள் போகாது. இந்த இறக்கத்தில் இந்தப் பெட்டியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வளைவுக்கு முன்னால் பேடிலைத் தொட்டதும் ஆர்.பி.எம்.மைத் தானே சரியாக ஏற்றிக்கொண்டு கியர் இறங்குவதைக் கேட்பது ஒரு சுகம்.

புனலூர் டவுனுக்குள் வேகத்தடை. 5, 6 கி.மீ.க்கு இறங்கி, நிற்காமல், உடனே அமுக்கினால் ஒரு குழப்பம் வரும், கவனித்திருப்பீர்கள். வண்டி கிட்டத்தட்ட நிற்கிற வரை பெட்டி முதல் கியருக்கு இறங்கத் தயங்கும், ஏனென்றால் 2-லிருந்து 1-க்கு விழுவது ஒரு வெட்டாகத் தெரியும். நிற்கப்போகிறீர்களா போகப்போகிறீர்களா என்று அதற்குத் தெரியாத இடம் இது. 2-லேயே கிளட்சை வழுக்கவிட்டு எடுப்பதா, 1-க்குப் போவதா என்று அது முடிவெடுக்கும் அந்த அரை நொடியில் நாம் இன்னும் அமுக்கிவிட்டால் ஒரு இடி. தடையில் ஏறி இறங்கும்வரை பிரேக்கிலிருந்து காலை முழுசாக எடுத்துவிட்டு, ஒரு மூச்சு விட்டு, பிறகு மெல்ல அமுக்கினால் இடி வராது.

டிரையா வெட்டா என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. டிரை கிளட்ச் காற்றில்தான் ஆறும். எண்ணெயில் உராய்வு இழப்பு இல்லாததால் மைலேஜ் கொஞ்சம் நன்றாக இருக்கும். வெட் கிளட்ச் எண்ணெயில் முங்கி இருப்பதால் சூட்டைத் தாங்கும், கூடுதல் டார்க்கையும் (என்ஜினின் முறுக்கு விசை) தாங்கும். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் 7 கியர் டிரை பெட்டிக்கு 250 நியூட்டன் மீட்டர்தான் வரம்பு. நம் ஊர்ச் சின்ன டர்போ பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் டிரைதான். 2022-இல் வந்த டாடா அல்ட்ரோஸ் டி.சி.ஏ. வெட் கிளட்ச். என்னைக் கேட்டால், தினமும் மலையேறுகிறவருக்கு வெட், சமவெளிக்காரருக்கு எதுவானாலும் சரி. வெட் பெட்டியில் எண்ணெய் மாற்றுவதை மட்டும் மறக்கக் கூடாது. ஃபோக்ஸ்வேகனின் 6 கியர் வெட் பெட்டிக்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை என்பது கணக்கு.

கெட்டபேர் சும்மா வந்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 2013-இல் ஃபோக்ஸ்வேகன் அந்த 7 கியர் பெட்டிக்காக உலகம் முழுக்கச் சுமார் 16 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. உள்ளே இருந்த சிந்தெட்டிக் எண்ணெயால் மின்கோளாறு வரலாம் என்று மினரல் எண்ணெய்க்கு மாற்றினார்கள். ஃபோர்டின் டூயல் கிளட்ச் பெட்டியான பவர்ஷிஃப்ட் பற்றிய புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. ஓட்டுகிறவரின் கால் மேல் மட்டும் எல்லாப் பழியையும் போடுகிற ஷோரூம் பேச்சை அதனால்தான் நான் அப்படியே நம்புவதில்லை.

செகண்ட் ஹேண்டில் இந்த வகை வண்டி பார்க்கிறவர்கள் இப்போது இந்தப் பக்கம் அதிகமாகிவிட்டார்கள், கொல்லத்திலிருந்தும் கொட்டாரக்கரையிலிருந்தும் வண்டிகள் விலைக்கு வருகின்றன. பைபாஸில் ஓட்டிப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். காலையில் என்ஜின் சூடாகும் முன்னால் போய், முதலில் டி, பிறகு ஆர் என்று மாற்றிப் பாருங்கள், எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது, தட்டுகிற சத்தம் வருகிறதா என்று தெரியும். ஒரு ஏற்றத்தில் நிறுத்தி எடுங்கள், அதே ஏற்றத்தில் ரிவர்ஸிலும் எடுங்கள், உதறல் இருந்தால் அங்கே ஒளிக்க முடியாது. அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு இதே சோதனையை இன்னொருமுறை செய்யுங்கள், குளிர்ந்த கிளட்ச் சொல்லாததைச் சூடான கிளட்ச் சொல்லும். கிளட்ச் மாற்றியிருக்கிறார்கள் என்றால் அதற்கு அப்புறம் கம்ப்யூட்டரில் அடாப்டேஷன் செய்தார்களா என்று கேளுங்கள், கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைப் பெட்டி புதிதாகக் கற்றுக்கொள்ளாவிட்டால் புது கிளட்சும் உதறும். வெட் பெட்டியாக இருந்து, எண்ணெய் மாற்றின பில் இல்லை என்றால், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.